ஜம்புலிங்கம் நூற்றுக்கு நூறு

திருமுல்லைவாயிலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தொண்ணூற்றாறு வீடுகள். வீட்டுக்கு இரண்டு என்று நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கழிப்பறைகள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஜம்புலிங்கத்துக்கு மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. அவசரம் என்றால் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போக வேண்டும். போக வர இருபது நிமிடம். அதற்குள் ஆளில்லாத கேட்டை யாராவது படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் சங்கக் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்டார். இடமில்லை என்றார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் சமோசா தின்றுகொண்டுதான் இருந்தேன்.

ஜம்புலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம் லேத் ஓட்டியவர். கம்பெனியை இழுத்து மூடியபின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்தார். காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை டூட்டி. எல்லா வண்டி நம்பரும் மனப்பாடம். பிரஷர் வந்ததும் டாக்டரம்மா காலையில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடம்பில் சேரும் நீரை இறக்கும் மாத்திரை. போட்ட அரை மணியில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் நாலைந்து தடவை ஓடவைக்கும். கேட்டில் நிற்கிறவர் எங்கே ஓடுவார்? டூட்டி நாளில் மாத்திரையைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். கால் வீங்கியது. ஷூ லேஸைக் கட்டாமலே நடந்தார்.

இந்தச் சமயத்தில்தான் நாலாவது மாடி கிஷோர் கண்டுபிடிப்பாளர் ஆனார். சேலத்துக்காரர், ஐ.டி. வேலை, எங்கள் சங்கச் செயலாளரும் அவரே. நோயாளிகள் மாத்திரையை மறக்காமலிருக்க ஒரு ஸ்மார்ட் பெட்டி செய்தார். மூடியைத் திறக்காவிட்டால் ஊளையிடும். திறந்தால் "சபாஷ்!" என்று சொல்லி அவருடைய போனுக்குப் பச்சை டிக் அனுப்பும். சோதனைக்கு ஒரு நோயாளி வேண்டுமே என்று தேடினார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கீழேயே ஒருவர் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றார்.

ஜம்புலிங்கம் ஒரே நாளில் பெட்டியின் குணத்தைப் பிடித்துவிட்டார். லேத்தோடு குடித்தனம் நடத்தியவருக்கு இதெல்லாம் பிரமாதமா? பெட்டிக்குத் தெரிந்தது மூடி மட்டும்தான், வாயைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தினமும் ஒன்பது மணிக்கு மூடியைத் திறப்பார், மாத்திரையைச் சட்டைப் பையில் போடுவார். சபாஷ்! மாதம் முழுக்கப் பச்சை டிக். நூற்றுக்கு நூறு என்று கிஷோர் ரிப்போர்ட்டை அச்செடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பினார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிரஷரையும் பார்த்தார், நூற்றெண்பது. "ஒரு நாள்கூட விடாம சாப்பிட்டும் குறையலையா? அப்போ ரெண்டா போடுங்க. இப்படியே போனா கை கால் இழுத்துக்கும்."

வீட்டில் துவைக்கப்போட்ட சட்டையில் மாத்திரைகளைக் கண்டெடுத்த மனைவி வேம்புலியம்மாள் அழுதேவிட்டார். "நீ இழுத்துகினு படுத்துட்டா நான் இன்னாய்யா பண்ணுவேன்?"

அதில் ஜம்புலிங்கம் ஆடிப்போனார். மறுநாள் கிஷோரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். "சார், மாத்திர நான் துன்றதே இல்ல சார். துன்னா ஒண்ணுக்கு வந்துகினே கீது. போவ எடம் ஏது?"

கிஷோர் கோபப்படவில்லை. முகம் மலர்ந்தது. "சூப்பர்ண்ணா! இந்த மாதிரி ஃபீட்பேக்தான் எனக்கு வேணும்" என்று போனில் குறித்துக்கொண்டார். கழிப்பறை கட்டத்தான் குறிக்கிறார் என்று ஜம்புலிங்கம் நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப் பெட்டி வந்தது. ஜம்புலிங்கம் டாக்டரம்மா சொன்ன இரண்டில் ஒன்றை நிஜமாகவே விழுங்கினார். பொய் ரிப்போர்ட்டால் கூடிய இன்னொன்றைப் பையில் போட்டார். அரை மணி கழித்துப் பெட்டி இனிய பெண் குரலில் பேசியது: "வணக்கம் ஜம்புலிங்கம். நீங்கள் கழிப்பறைக்குச் செல்ல வேண்டிய நேரம் இது." அவர் அசையாமல் நின்றார். பெட்டி ஊளையிட்டது.

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி, கிஷோர் வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்தது கிஷோரின் மனைவி ஸ்வாதி. உள்ளே சோபாவில், பெட்டிக்கு முதல் போட வந்த இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணா, கேட்ட விட்டுட்டு?"

"பொட்டி போவச் சொல்லுதும்மா. சார் பொட்டியாச்சே, அதான் சார் ஊட்டுக்கே வந்துட்டேன்."

விருந்தாளிகள் எதிரில் என்ன செய்வது? ஸ்வாதி வழி காட்டினார். இருபது நிமிடத்தில் மறுபடி மணி. பிறகு இன்னொரு தடவை. "பெட்டி சொன்னபடியே கேக்கறாரே!" என்று விருந்தாளிகள் அசந்துபோனார்கள். கீழே கேட்டில் கார்கள் ஹார்ன் அடித்தன.

நாலாவது தடவை ஸ்வாதி கத்தியேவிட்டார். "ஏங்க, முதல்ல அந்தப் பெட்டிய நிறுத்துங்க!"

கிஷோர் போனைத் தட்டினார். பெட்டி அடங்கியது. ஜம்புலிங்கம் மட்டும் வாசலை விட்டு நகராமல் நெளிந்துகொண்டிருந்தார்.

"பொட்டி நின்னுச்சு சார். எனுக்கு நிக்கலியே."

அடுத்த வாரமே ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இடம் கிடைத்துவிட்டது. இரண்டு வருடமாக அந்த இடம் எங்கே போயிருந்தது என்று எங்களில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.