மங்களம் அக்கா உருவாக்கிய வாக்காளர்கள்

மலாக்கா நகரத்தில், ஜாலான் பெண்டஹாராவில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு வந்தவர் வெள்ளைத் துணி கேட்டார். காஜா பெராங்கில் மங்களம் அக்காவின் எதிர்வீட்டுக்காரர். "யாருக்குங்க?" என்றேன். "அக்கா காலையில போய்ட்டாங்க லா" என்றார். துணியைக் கோணலாக வெட்டிவிட்டேன். முதலாளிதான் வாங்கி நேராக வெட்டிக் கொடுத்தார்.

அக்காவை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்ப் பெண்கள் போடும் கெபாயா சட்டை, வாயில் மலாய். மலாக்காச் செட்டி வீட்டுப் பெண்; கும்பிடுவது நம் சாமி, பல தலைமுறையாகப் பேசுவது மலாய். கோயிலிலும் அடுப்படியிலும் புழங்கும் சில சொற்களைத் தவிர அவருக்குத் தமிழ் தெரியாது. இங்கே அவர் பேசுவதையெல்லாம் நான்தான் தமிழாக்குகிறேன்.

சுதந்திரம் வந்த புதிது. மலாய் பேசிக் காட்டினால் குடியுரிமை. குடியுரிமை கிடைத்தால் ஓட்டு. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்திருந்த எங்களுக்குத் தெரிந்த மலாய் சந்தையில் பேரம் பேசுவதோடு சரி. "ரொம்ப சூசாப்பா, கஷ்டம், நாக்கு சுளுக்குது" என்று அழுதான் சாலை வேலை பார்த்த கோவிந்தன். கணவரை இழந்து தம்பி நடராஜாவின் வீட்டில் இருந்த அக்காதான் எங்களைக் கூப்பிட்டு அடுப்படியில் உட்கார வைத்தார். அவர் சமைத்துக்கொண்டே பேசுவார். நாங்கள் திருப்பிச் சொல்வோம். பாடம் முடிந்தால் சாப்பாடு. அதனால் ஒருவனும் வகுப்புக்கு மட்டம் போடவில்லை.

பரீட்சை நாளில் அதிகாரி கோவிந்தனிடம், "காலையில் என்ன செய்தாய்?" என்று கேட்டார். மிளகாய் அரைத்து, மஞ்சள் தடவி, மீன் பொரித்தேன் என்றான் அவன், தடங்கலே இல்லாமல். அடுத்தவனும் மீன் பொரித்திருந்தான். மூன்றாவதாக நான். "நீயுமா?" என்றார் அதிகாரி. "ஆமாம் துவான். ஆனால் என்னுடையது தீய்ந்துவிட்டது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து நகராட்சித் தேர்தல் வந்தது. நடராஜா குடைச் சின்னத்தில் நின்றார். மணிச் சின்னத்துக்காரர் எங்கள் சந்துக்கு நடையாய் நடந்து, தண்ணீர்க் குழாய் போட்டுத் தருகிறேன் என்றார். நடராஜா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவின் ஆட்கள்தானே, எங்கே போய்விடுவார்கள் என்ற நினைப்பு. கடைசி வாரத்தில்தான் அவருக்குப் பயம் வந்தது. "எல்லாரையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. கற்பூரம் அணைச்சு, குடைக்குத்தான் போடுவோம்னு சத்தியம் பண்ணட்டும். இல்லன்னா இந்த வீட்டுல உனக்கு இடமில்ல" என்று அக்காவிடம் சொன்னார். நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அக்கா குழம்பைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னார்: "பேசத்தான் சொல்லிக் கொடுத்தேன். என்ன பேசணும்கிறது அவங்க பாடு. நான் போயிடறேன். ராத்திரிக்கு யார் சமைக்கிறதுன்னு மட்டும் பாத்துக்க."

நடராஜா யோசித்தார். அக்காவின் கைப்பக்குவம் அப்படி. அக்கா வீட்டிலேயே இருந்தார். பேச்சுவார்த்தை மட்டும் தேர்தல் முடியும்வரை நின்றது.

குடை கொஞ்ச ஓட்டில் கவிழ்ந்தது. வெற்றிக்கென்று முன்பே சொல்லிவைத்த மாலையை நடராஜா பிள்ளையாருக்குப் போட்டுவிட்டு, யார் முகத்திலும் விழிக்காமல் உஜோங் பாசிரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் பயந்துபோய் அக்காவிடம் ஓடினோம். "சாமி சத்தியமா குடைக்குத்தான்" என்றான் கோவிந்தன். நானும் அதையே சொன்னேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சொன்னோம், அவர் கற்றுக்கொடுத்த அதே அழகான மலாயில்.

அக்கா எங்களைச் சுற்றிலும் பார்த்தார். "நீங்க சொல்றதப் பாத்தா என் தம்பி இந்நேரம் பிரதமரே ஆயிருக்கணுமே." பிறகு சொன்னார்: "நான் கொடுத்த பாஷையில எங்கிட்டயே பொய் சொல்லாதீங்கடா. சொல்லியே ஆகணும்னா தமிழ்ல சொல்லுங்க. எனக்கும் புரியாது, உங்களுக்கும் பாவமில்ல."

அன்றிலிருந்து எனக்கு மலாயில் பொய் வருவதில்லை. சாயம் போகுமா என்று தமிழில் கேட்பவர்களிடம் போகவே போகாது என்று அடித்துச் சொல்வேன். மலாயில் கேட்டால், "கொஞ்சம் போகும்" என்றுதான் வாய் சொல்லும். முதலாளிக்கு இன்றுவரை காரணம் புரியவில்லை.

இழவு வீட்டில் நடராஜா என்னைத் தனியே அழைத்து மலாயில் கேட்டார்: "இப்பவாவது சொல்லு. அன்னைக்கு யாருக்குப் போட்ட?"

"மணிக்கு" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அவர் தலையாட்டினார். கோபமில்லை. "போகட்டும். அக்கா ஓட்டாவது எனக்கு விழுந்துச்சே. எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். எப்பக் கேட்டாலும் ஒரே பதில்தான். யாருகிட்டக் கத்துக்கிட்டாளோ, அதை மட்டும் தமிழ்லதான் சொல்லுவா: 'உனக்குத்தான் தம்பி.'" சொல்லிவிட்டுத் தேம்பி அழுதார்.

எனக்கும் அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. நான் அவருக்கு எதையும் விளக்கவில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு தமிழ்ச் சொற்களைத்தான்.