இரண்டு சொட்டு பிட்டர்ஸ்

வீட்டு பார் பார்க்கிற வேலையில் குடிக்கிறவன் ஒரு மாசம் தாங்கமாட்டான், குடிக்காதவன் ஒரு வாரம் தாங்கமாட்டான். நான் குடிக்காமலே பதினோரு வருஷம் தாங்கினேன். அடுத்தவர் வீட்டு டிரேயைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், கெண்டைக்கால் வலியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிரித்த முகமாக நின்றுகொண்டே உள்ளுக்குள் புலம்புகிற வித்தையையும் நான் சொல்லித்தர வேண்டாம்.

ஏசியாட் விளையாட்டு வரப்போகிறது என்று டெல்லி முழுக்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம். முனிர்காவில் ஒரு ஜாட் சாதிக்காரர் வீட்டு மாடியில் எனக்கும் என் பெண்டாட்டி சரோஜாவுக்கும் ஒரு ரூம். அங்கிருந்து சைக்கிளை மிதித்தால் வசந்த் விஹார். அங்கே ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரி வீட்டில் பேரர் வேலை, பரிமாறுகிற வேலை. அவரை சாப் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஹாலில் ஒரு தேக்கு அலமாரி, அதுதான் பார். சாவி என் இடுப்பில்.

சரோஜாவின் அப்பா குடித்தே செத்தவர். அதனால் இந்த வேலைக்கு அவளைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் என்னை மலை மந்திர் முருகன் முன்னால் நிறுத்தி, ஒரு சொட்டுச் சாராயம்கூட நாக்கில் படாது என்று சத்தியம் வாங்கினாள். பட்டால் அன்றைக்கே மெட்ராஸ் ரயில் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். சரோஜா சும்மா மிரட்டுகிற ஜாதி இல்லை.

முதல் வாரத்துக் கஷாயம்

சேர்ந்த மூன்றாம் நாள். சாப் அலமாரியைக் காட்டி, விஸ்கி, ஒரு சர்க்கரைக் கட்டி, பிட்டர்ஸ் என்கிற அந்தக் குட்டி பாட்டிலிலிருந்து ரெண்டு 'டேஷ்' என்றார். அந்த பாட்டிலைப் பார்த்தால் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி இருந்தது. லேபிள் அவ்வளவு பெரிசு. டேஷ் என்றால் எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூடியைத் திறந்து மோந்தேன். கிராம்பு, பட்டை, அடியில் நல்ல கசப்பு. அட, நம்ம வீட்டுக் கஷாயம்! அதற்கு எங்கள் ஊர் அளவு எனக்குத் தெரியும். பாட்டில் வாய்க்குள் செருகியிருந்த துளைமூடியைக் கத்தியால் நெம்பி எடுத்துவிட்டு, சாப்பாட்டுக் கரண்டியில் நிறைய நிறைய ரெண்டு ஊற்றினேன். சாப் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். திறக்கவே இல்லை. எனக்கு வேலை போச்சு என்றே தோன்றிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, கோபமே இல்லாமல் கேட்டார்: "சண்முகம், எனக்கு என்ன வியாதி என்று டாக்டர் உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாரா?"

குடிக்காதவன் மூக்கு

தங்கமான மனுஷன். அன்றைக்கே பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பாட்டிலைக் கவிழ்த்து ஒரே ஒரு உதறு, அதுதான் டேஷ். முதலில் சர்க்கரைக் கட்டி மேல் உதற வேண்டும், அது ஊற வேண்டும், பிறகுதான் விஸ்கி, ஐஸ் எல்லாம். அந்த மாதிரி பாட்டில்கள் மொத்தம் மூன்று இருந்தன. பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. நானே பெயர் வைத்தேன். கறுப்பாக இருப்பது கஷாயம், அது விஸ்கிக்கும் ரம்முக்கும். ஆரஞ்சு வாசம் அடிப்பது நாரத்தை, அது ஜின்னுக்கு. மூன்றாவது ஓமத்துக்குப் பங்காளி, அது தக்காளி ஜூஸ் கலக்கிறவர்களுக்கு. இனிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு உதறு கூட, புளிப்பாக இருந்தால் ஒன்று குறைச்சல். புறங்கையில் ஒரு சொட்டு விட்டு மோந்து, நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பேன். விஸ்கியைத் தொட்டதே இல்லை. இது மருந்துதானே, மருந்துக்கு ஏது சத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பின் சிநேகிதர் ஒருவர், ரிட்டயர்டு கர்னல், பஞ்சாபி. அவர் ஜின் குடிக்கிற முறையே தனி. கிளாஸுக்குள் கஷாயத்தை நாலு உதறு உதறி, கிளாஸை உருட்டி, மிச்சத்தைக் கீழே கொட்டிவிட வேண்டும். ஒட்டியிருப்பது போதும், அதன்மேல் ஜின். தன் நாக்கை ஏமாற்ற இந்த டெல்லியில் ஆள் இல்லை என்பது அவர் பேச்சு. ஒரு நாள் என்னைச் சோதிக்க, மூன்று கிளாஸ் தண்ணீரில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டு, என் கண்ணைத் துவாலையால் கட்டிவிட்டார். மூன்றையும் மோந்தே சொன்னேன். பிறகு அவர் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்துப் பார்த்தார், ஒன்றுதான் சரி. கட்டை அவிழ்த்துவிட்டு ஹிந்தியில் சொன்னார்: "அரே மதராசி, நாற்பது வருஷம் குடித்த என் நாக்கு, குடிக்காத உன் மூக்கிடம் தோற்றுவிட்டது!"

அன்றைக்கு சைக்கிள் தானாகவே ஓடின மாதிரி இருந்தது. ஆனால் வாசலில் நின்ற சரோஜாவிடம் இதைச் சொல்ல முடியுமா? குடிகாரர்கள் நடுவில் பேர் வாங்கிவிட்டு வந்திருக்கிறீர்களா என்பாள்.

சரோஜாவுக்கும் ரெண்டு சொட்டு

தினமும் நான் வந்ததும் என் கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். போலீஸ்காரன்கூட அப்படிச் சோதிக்கமாட்டான். ஒரு நாள், "இதென்ன கிராம்பு வாசம்?" என்றாள். சாப் வீட்டில் வயிற்றுக்கு ஒரு மருந்து இருக்கிறது, அது என்றேன். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. சாப்பின் சம்சாரம் மேம்சாப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, சோடாவில் நாலு சொட்டு விட்டு வாங்கிக் குடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டெல்லி ராஜ்மா சரோஜாவுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. எப்போதும் வயிறு உப்புசம். மேம்சாப்பிடம் சொன்னேன், பாவம், அடியில் கொஞ்சம் இருந்த ஒரு பாட்டிலை அப்படியே தூக்கிக் கொடுத்தார். வெந்நீரில் அஞ்சு சொட்டு. குடித்த கொஞ்ச நேரத்தில் அந்த மாடியே அதிர ஒரு ஏப்பம். அன்றிலிருந்து வாரம் ரெண்டு தடவை. கிருத்திகை விரதத்தன்று வெறும் வயிற்றில்கூட ஒரு டம்ளர் குடித்துவிட்டு, விபூதியும் நெற்றியுமாகச் சொன்னாள்: "உங்க சாப் குடிச்சாலும் மருந்து சுத்தமானதா வாங்கி வெச்சிருக்காருங்க."

நேகி கண்ணாடி போட்டான்

சமையல்காரன் நேகி, கட்வால்காரன், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பான். ஒரு மத்தியானம் வேலை இல்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தக் குட்டி பாட்டிலின் பெரிய லேபிளை ஆரம்பத்திலிருந்து வாசித்தான். நடுவில் நிறுத்தி, "இதில் விஸ்கியைவிட ஆல்கஹால் ஜாஸ்தி போட்டிருக்கான், தெரியுமா?" என்றான்.

ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்தேன். ரெண்டு வருஷமாக நாக்கு நுனியில் தொட்டது சாராயம். முருகன் முன்னால் செய்த சத்தியம் எப்போதோ போய்விட்டது. என் கதையாவது பரவாயில்லை. குடியால் அப்பனைப் பறிகொடுத்தவளுக்கு, கிருத்திகையும் அதுவுமாக என் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறேனே! நேகியிடம் வாய்விட்டுப் புலம்பிவிட்டேன். தினமும் வேலை முடிந்ததும் ரெண்டு பெக் போடுகிறவன் அவன், சரோஜாவை பாபி, அதாவது அண்ணி என்பான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அச்சா! அப்போ பாபியும் நம்ம கட்சிதானா?"

பெட்டியை இழுத்தாள்

மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. இனி தொடுவதில்லை, சொல்லுவதும் இல்லை. நாலு நாள் தொடாமலே கலந்தேன். அளவு தப்பியது, சாப் பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அஞ்சாம் நாள் வீட்டில் சரோஜா, "வயிறு கனமா இருக்குங்க, அந்த மருந்தை எங்கே வெச்சீங்க?" என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தாள். போச்சு, ரயில்தான் என்று நான் சுவரில் சாய்ந்து அழவே அழுதுவிட்டேன். வெட்கம் என்ன வெட்கம். பெட்டியிலிருந்து அவள் எடுத்தது துணி இல்லை, மலை மந்திர் விபூதிப் பொட்டலம். தன் நெற்றியில் பூசிக்கொண்டு என் நெற்றியிலும் பூசினாள். "எங்கப்பா ஒரு நாளும் தானா வந்து சொன்னதில்ல. நீங்க சொன்னீங்க" என்றாள். சரி, மன்னித்துவிட்டாள் என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் டீ ஸ்பூனால் ஒரு ஸ்பூன் சோறு வைத்தாள். மேலே ஒரு ஸ்பூன் குழம்பு. அப்படியே மூன்று நாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில்: "சொட்டு சொட்டா குடிச்சவருக்குச் சொட்டு சொட்டாத்தான் சோறு."

பனிமூட்டமும் சிராய்தாவும்

அந்த ஜனவரியில் பனிமூட்டத்தால் விமானம் எதுவும் நேரத்துக்கு வரவில்லை. சாப்புக்கு ஊரிலிருந்து வரவேண்டிய சாமான்களும் வரவில்லை. கஷாய பாட்டில் காலி. ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் மத்தியான விருந்து. சாப்பின் மேலதிகாரி வருகிறார், அவருக்கு அந்தச் சர்க்கரைக் கட்டி விஸ்கிதான் பிடிக்கும், அதிலும் ரெண்டு உதறு இல்லாமல் தொடமாட்டார். சாப்புக்கு இன்னும் ரெண்டு வருஷம் டெல்லியில் இருக்க அவர் கையெழுத்துப் போட வேண்டும். சாப் போனால் என் வேலையும் போகும். இதை வீட்டில் சொல்லிப் புலம்பினேன்.

சரோஜா காலி பாட்டிலை வாங்கி மோந்தாள். கிராம்பு, பட்டை, ஏலம், ஆரஞ்சுத் தோல், நிலவேம்பு மாதிரி ஒரு கசப்பு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "இதைக் காய்ச்சறதுக்குச் சாராயம் எதுக்கு?" என்றாள். முனிர்காவில் பன்சாரி என்கிற நாட்டுமருந்துக் கடையில் நிலவேம்பு என்றால் முழிப்பான். சிராய்தா என்று கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பான். ரெண்டும் ஒன்றோ, பங்காளியோ, கசப்பில் குறைச்சல் இல்லை. மொட்டைமாடியில் ஆரஞ்சுத் தோல் காய்ந்தது. ஒரு பாத்திரம் தண்ணீர் கால் டம்ளராகச் சுண்டுகிற வரைக்கும் ஸ்டவ்வில் கொதித்தது. நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்தாள். என் பழைய வேட்டித் துணியில் மூன்று தடவை வடிகட்டினாள். அன்றைக்குத்தான் பயமில்லாமல் புறங்கையை நக்கிப் பார்த்தேன். கிராம்பு ஒன்று குறை, தோல் ஒரு பிடி கூட என்று நான் சொல்லச் சொல்ல, முகத்தைச் சுளிக்காமல் மறுபடி காய்ச்சினாள்.

சனிக்கிழமை காலையில் சாப்பிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, ஒரு கிளாஸ் கலந்து கொடுத்தேன். ஒரு வாய், அப்புறம் இன்னொரு வாய். கிளாஸ் காலி. பிறகு சொன்னார்: "நாளைக்கு இதைப் பற்றி நீ வாயைத் திறக்காதே, சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன்."

கர்னலின் நாக்கு

பன்னிரண்டு மணிக்குப் பனி விலகி வெயில் வந்தது. புல்வெளியில் ஸ்வெட்டரும் கறுப்புக் கண்ணாடியுமாக முப்பது பேர். மேலதிகாரி ஒன்று குடித்தார். காலி கிளாஸை நீட்டினார். ரெண்டாவது முடிந்ததும் மறுபடி நீட்டினார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதி உயிர் கர்னல் கையில் இருந்தது. அவர் கிளாஸை உருட்டி மிச்சத்தைப் புல்லில் கொட்டி, ஜின்னை வாங்கி, வழக்கம்போல் மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு மடக்கு குடித்தார். "புது பாட்டில் வந்துவிட்டதா? பழசைவிட இது உசத்தி! எந்த நாட்டுச் சரக்கு?" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. சாப் எழுந்து வந்து, அத்தனை பேர் முன்னாலும் என் தோளில் கையைப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இப்போது எழுதும்போதும் கலங்குகிறது. அவர் சொன்னார்: "முனிர்கா சரக்கு. காய்ச்சிய அம்மாளின் கணவர்தான் டிரேயோடு உங்கள் முன்னால் நிற்கிறார்."

வாசலில்

சைக்கிளைப் போட்டுவிட்டு மாடிப்படியை ரெண்டு ரெண்டாக ஏறினேன். மேலதிகாரி மூன்று கிளாஸ் குடித்தது, கர்னல் உசத்தி என்று கத்தினது, எல்லோரும் கைதட்டினது, போகும்போது மேலதிகாரி சாப்பிடம் உன்னை எங்கேயும் அனுப்பமாட்டேன் என்று சிரித்தது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். வழக்கம்போல் கையை மோந்து பார்ப்பாள் என்று நீட்டினேன். அவள் மோக்கவில்லை. தட்டில் கரண்டி கரண்டியாகச் சோற்றை மலை மாதிரி குவித்துக்கொண்டே கேட்டாள்: "அதெல்லாம் இருக்கட்டும், கர்னலுக்கு ஏப்பம் வந்துச்சா?"

பதினோரு வருஷம் பார் பார்த்தவன் என்று நான் மார்தட்டிக்கொள்வது நிஜம்தான், ஆனால் அந்த பாரில் பேர் வாங்கின ஒரே சரக்கு, குடிகாரரைக் கண்டாலே ஆகாத என் பெண்டாட்டி மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காய்ச்சிய கஷாயம்தான்.