மன்றாட்டு வாசிக்கிறவ பாடு

சர்ச்சுல ஞாயித்துக்கிழமைப் பூசையில மன்றாட்டு வாசிக்கிற வேலைய உங்க தலையில கட்ட வந்தா, சாமியார்னுகூடப் பாக்காம முடியாதுன்னு சொல்லிருங்க. நான் சொல்லல, மாட்டிக்கிட்டேன். பிரசங்கம் முடிஞ்சதும் ஒவ்வொரு வேண்டுதலா வாசிக்கணும். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னு சனங்க சொல்லுவாங்க. பக்கத்து மைக்குல நின்னு அந்தப் பதில எடுத்துக் குடுக்கிறது உபதேசியார். அதாவது எங்கப்பா. என்னைய முடிக்கக்கூட விடமாட்டாரு, அதுக்குள்ள கணீர்னு ஆரம்பிச்சிருவாரு.

அவருக்கும் எனக்கும் ஒரு வழக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பி.எஸ்சி. முடிச்சுட்டேன், மதுரையில எம்.எஸ்சி. சீட்டு கெடச்சிருக்கு. மூணு வாரத்துல சேரலைன்னா போச்சு. "ஹாஸ்டல்லயா? ஆகாது." அம்புட்டுதான் அவரு தீர்ப்பு. வீட்ல தெனமும் சண்ட. கோயில்ல மட்டும் ஆளுக்கொரு மைக்குல பக்தியா நிக்கோம்.

போலீஸ் வேல

மன்றாட்டுல யார் பேரும் சொல்லக்கூடாதுங்கது எங்க சாமியார் சட்டம். செட்டியார்பட்டியில இருந்து வார மாமா ஒருத்தரு, மில்லுல மேஸ்திரி, "மகன் போலீஸ் செலக்சனுக்கு ஓடப்போறான், பேரச் சொல்லி வாசி"ன்னு நின்னாரு. "பேரு சொல்ல முடியாது மாமா, 'வேலை தேடும் இளைஞர்களுக்காக'ன்னு வாசிக்கேன், உங்க மகனும் அதுல வந்துருவான்"னேன். மூஞ்சி சுண்டிப்போச்சு.

"அம்புட்டுப் பயலுகளுக்கும் கேட்டுட்டா எம்மவனுக்கு எப்படித்தா கெடைக்கும்?"

குடும்பச் சமாதானம்

அடுத்த வாரம் ஒரே வீட்டு ஓரகத்திக ரெண்டு பேரு தனித்தனியா வந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வேண்டுதல், குடும்பத்துல சமாதானம். நல்ல விசயம்தானேன்னு வாசிச்சேன். தூணுக்கு இந்தப்பக்கம் ஒருத்தி, அந்தப்பக்கம் ஒருத்தி, நான் வாசிக்க வாசிக்க முறைச்சுக்கிடுதாளுக. பூச முடிஞ்சதும் மூத்தவ என் கையப் பிடிச்சா.

"ஏட்டி, அவளுக்கு ஒறைக்கவே இல்ல. அடுத்த வாரம் செத்த சத்தமா வாசி."

எனக்கு யாரு கேப்பா?

மூணாவது ஞாயிறு. விடிஞ்சா சீட்டுக்குக் கடைசி நாள். ஊருக்கெல்லாம் கேக்கேன், எனக்கு யாரு கேப்பா? சாமியார் பாத்துக் குடுத்த தாள்ல நாலு மன்றாட்டு. அஞ்சாவத நானே பேனாவால எழுதிக்கிட்டேன். "மேலே படிக்க ஏங்கும் பெண்பிள்ளைகளுக்காகவும், அவர்களை நாளைக் காலையிலேயே கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்க்கப்போகும் தந்தையருக்காகவும்..."

முடிக்கல. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" கணீர்னு அப்பா. பின்னாலயே கோயில் பூரா. பொறவுதான் என்ன சொன்னோம்னு அவருக்கு ஒறைச்சுது. சாமியார் குனிஞ்சு புத்தகத்தப் புரட்டுதாரு, தோளு குலுங்குது. வாசல்ல அந்த மேஸ்திரி மாமா வேற, "எந்தக் காலேஜ் உபதேசியாரே?"ன்னு அப்பா கையப் பிடிச்சுக் குலுக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்ததும், "ஏமாத்திட்டியே"ன்னாரு. "நான் வாசிக்கத்தான் செஞ்சேன், வேண்டுனது நீங்க"ன்னேன். சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, என் மூஞ்சியப் பாக்காமலே கேட்டாரு.

"ஏட்டி, காலையில எத்தன மணிக்குப் பஸ்சு?"

கடவுள் காது குடுக்காரோ என்னமோ, பதில் சொல்லுத ஆளு காது குடுக்காம இருந்தாப் போதும், மன்றாட்டு பலிக்கும்.