மஸ்கட்டுக்குப் போக விடவில்லை

கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சிற்றூர்க்காரி சங்கரேஸ்வரி. கொஞ்சம் எலுமிச்சையும் கொஞ்சம் வயலும் உண்டு. சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போய், மெயின் அருவிக்குப் போகும் வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பாள். கணவன் சுடலையாண்டி மஸ்கட்டில் கிரேன் ஓட்டினார். அவள் யாரிடமும் குழைந்து பேசமாட்டாள்.

பக்கத்துக் குவாரியிலிருந்து கேரளாவுக்குக் கல் ஏற்றிப்போன லாரிகள் ஊர்ச் சாலையை நொறுக்கிப் போட்டபோது, பெண்களைக் கூட்டிக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்தது அவள்தான். போலீஸ் வேனில் ஏற்றிப்போய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாயங்காலம் விட்டது. வழக்குப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

சில வருஷம் கழித்து, மஸ்கட்டில் சுடலையாண்டியோடு தங்கியிருந்த முகம்மது ஆசிக் போன் செய்தான். சர்க்கரை வியாதியில் கால் அழுகிவிட்டது, எடுக்கச் சொல்கிறார்கள், அண்ணாச்சி சம்மதிக்காமல் கிடக்கிறார், மதினி வந்தால் தேவலை, விசாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். சங்கரேஸ்வரி உடனே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள்.

போலீஸ் விசாரணை அவளுடைய பெரியப்பா மகன் விஜயசங்கர் கைக்குத்தான் போனது. உள்ளூர் ஸ்டேஷனில் அவர் சிறப்பு எஸ்.ஐ. அண்ணன் முறைதானே என்று அவள் நிம்மதியாக இருந்தாள். அவரோ இழுத்தடித்தார். கடைசியில், அருவியில் பந்தோபஸ்துக்கு வந்த ஒரு நாள் பழக்கடை முன்னால் வந்து நின்றார்.

"ஏட்டி, ஒம் மேல கேஸு நிக்கி. மறைச்சு எழுதுனா எனக்கு வேலை போயிரும். இன்னார் தூண்டிவிட்டுத்தான் ரோட்டுல உக்காந்தேன், இனிமே உக்கார மாட்டேன்னு எழுதிக் குடு. மேல பேசிப் பாக்கேன்."

"என்னைய யாரும் தூண்டல. ரோட்டுல உக்காந்ததுக்கும் புருஷனைப் பாக்கப் போறதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"சட்டம் அப்படி."

"சட்டமா, குவாரிக்காரனா?"

விஜயசங்கர் முகம் கறுத்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார். வழக்கு நிலுவையில் உள்ளது, பாஸ்போர்ட் வழங்கப் பரிந்துரைக்கவில்லை என்று அந்த வாரமே எழுதி அனுப்பினார்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் கோர்ட் அனுமதி கேட்டார்கள். கோர்ட்டில் விசாரித்தால், குற்றப்பத்திரிகையே வரவில்லை, இல்லாத வழக்குக்கு எப்படி அனுமதி கொடுப்பது என்றார்கள். ஸ்டேஷனில் இன்னும் புலன் விசாரணை முடியவில்லை என்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் சங்கரேஸ்வரி சத்தம் போட்டாள். ஒரு இடத்தில் அவளை வெளியே பிடித்துத் தள்ளினார்கள். தென்காசி வக்கீல் ஸ்ரீவித்யாதான், இப்படித் தடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, மதுரையில் ஹைகோர்ட்டில் மனுப் போட்டாள்.

மனு வாய்தாவில் கிடந்தபோதே சுடலையாண்டி தனியாகக் கையெழுத்துப் போட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டார். வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டினார். காலைக் காட்டச் சொன்னதும் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

தீர்ப்பு அவளுக்குச் சாதகமாகத்தான் வந்தது. பாஸ்போர்ட் கைக்கு வரும் முன்பே கம்பெனி அவரை விமானம் ஏற்றிவிட்டது. செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போய், விமான நிலையத்து வாசலில் நின்று அவரைச் சக்கர நாற்காலியில் வாங்கிக்கொண்டாள்.

மறுவாரம் விஜயசங்கர் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். சுடலையாண்டி, "வாங்க மச்சான், உக்காருங்க" என்றார். சங்கரேஸ்வரி நிலையை மறித்து நின்றாள்.

"ஒங்களுக்கு வேலை போகலல்லா? இவருக்குக் கால் போயிட்டு. இனிமே இந்த வாசப்படி ஏறாதீங்க."

வீடு தேடி வந்தவனை இப்படியா பேசுவது என்று சுடலையாண்டி ராத்திரி வரை முனகினார். அவள் காதில் வாங்கவில்லை.

அதன் பிறகுதான் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்தது. சம்மன் வந்தது. ஒத்துக்கொண்டு சின்ன அபராதம் கட்டினால் அன்றைக்கே முடிந்துவிடும் என்றாள் ஸ்ரீவித்யா.

"குத்தம்னு ஒத்துக்கிட மாட்டேன்" என்றாள் சங்கரேஸ்வரி. "நடத்தட்டும்."

வாய்தாவுக்கு வாய்தா முதல் பஸ் பிடித்துத் தென்காசிக்குப் போய், பெயர் கூப்பிடும்போது நிமிர்ந்து நிற்கிறாள்.