யானையின் வயிற்றில் ஒரு விரிசல்

கல்லூரியின் கடைசி ஆண்டில் நாங்கள் ஐந்து நிமிட த்ரில்லர் படம் ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. காட்சித் தொடர்பியல் படிப்பில் அதுதான் இறுதிச் செயல்திட்டம். படப்பிடிப்புக்கு முன்னால், அந்த வகைப் படங்களுக்கு உரிய மரபுகளை ஆராய்ந்து ஒரு குறிப்பேடு எழுதித் தர வேண்டும். பேராசிரியை அதில் கட்டம் போட்டே கொடுத்திருந்தார்: குற்றம், குற்றவாளி, பலியானவர், தடயம், காரணம். மற்றவர்கள் கதை தேடி அலைந்தார்கள். எனக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. குற்றம் எது, குற்றவாளி யார் என்பது எட்டாம் வகுப்பிலிருந்தே எனக்குத் தெரியும்.

என்னை வளர்த்தவள் என் சித்தி. விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் பதினோரு ஆண்டுகள் அவள் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்து, சூட்டில் உருகிப் பளபளப்பாகிற கிளேஸ் கரைசலில் தோய்த்த பொம்மைகளைச் சூளைக்குள் தட்டுத் தட்டாக அடுக்குவது அவள் பொறுப்பு. நெருப்பை நிறுத்திய பிறகும் சூளையை ஒரு பகலும் ஓர் இரவும் திறக்கக் கூடாது; குளிர்ந்த காற்றுப் பட்டால் உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விடும். ஆனால் அந்த நேரம் முழுவதும் சூளையின் வெளிச்சுவர் கதகதப்பாக இருக்கும். பெண்கள் காலையில் கொண்டுவரும் டிபன் பாக்ஸை அந்தச் சுவரை ஒட்டிய மேடையில் வரிசையாக வைத்துவிடுவார்கள். மதியம் திறந்தால், குழம்பு அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோல் இருக்கும்.

ஓர் ஐப்பசியில், சூளையைத் திறந்தபோது அடுக்கியிருந்த யானைகள் அத்தனையும் விரிசல் விட்டிருந்தன. முதுகில் பேனா செருகி வைக்கிற, உட்கார்ந்த நிலையிலான சின்ன யானைகள். முந்தின நாள் மதியம் டிபன் பாக்ஸை எடுக்கக் கடைசியாகச் சூளைப் பக்கம் போனவள் என் சித்தி. சூப்பர்வைசருக்கு அது போதுமானதாக இருந்தது. அவளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, உடைந்த யானைகளை அவள் காலடியில் கொட்டச் சொல்லி, பேட்டைக்கே கேட்கும்படி சொன்னார்: "கொழம்பு சூடு பண்ண சூளையத் தொறந்தவ இவதான். நல்லா பாத்துக்குங்க."

அன்று மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. நான் அவளுக்குக் குடை கொண்டுபோயிருந்தேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சித்தி குனிந்து ஒரே ஒரு யானையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "வா, போவலாம்" என்றாள். குடையை விரிக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

'சூளையத் தொறந்தவ' என்ற பெயர் அவளுக்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனி வாசலுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பேட்டையில் யாரும் வேலை தரவில்லை. முந்திரி உடைக்கப் போனாள். அந்தக் கொட்டையின் எண்ணெய் தோலைப் பொசுக்கும். வெள்ளைப் பொம்மைகளைக் கையாண்ட விரல்கள் இரண்டே மாதத்தில் நுனி கறுத்து வெடித்தன. என் பள்ளிக்கூட ஜடையைப் பின்னும்போது அந்த விரல்கள் என் தலைமுடியில் சிக்கும். வலிக்குமோ என்று அவள் நிறுத்துவாள். வலிக்கவில்லை என்று நான் சொல்வேன். தினமும் காலையில் அந்த இரண்டு நிமிடங்களில் நான் அந்த மனிதரை என் மனத்துக்குள் ஏதாவது ஒரு வகையில் தண்டித்துக்கொண்டிருந்தேன்.

யானை எங்கள் வீட்டு டி.வி. அலமாரியில் இருந்தது. விரிசல் விட்ட பக்கம் சுவரைப் பார்த்திருக்கும். அதன் முதுகில் சீப்பைச் செருகி வைத்திருந்தோம்.

குறிப்பேட்டுக்காக நான் கிளை நூலகத்தில் பழைய மாத நாவல்களைக் கட்டுக் கட்டாகப் படித்தேன். மாலையில் செல்போனில் படங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். சித்தி வீட்டுக்குக் கொண்டுவந்த முந்திரிப் பருப்பில் தோலுரித்தபடியே எட்டிப் பார்ப்பாள்.

"இவன்தான் கொன்னவன்."

"படம் ஆரம்பிச்சு பத்து நிமிஷம்கூட ஆவல சித்தி."

"செத்தவ வூட்டுக்கு வந்ததுலேருந்து எல்லாருக்கும் தண்ணி மோந்து குடுக்கறான் பாரு. கேக்காம ஓடி ஓடி ஒதவறவன நம்பாத."

"போலீஸ்காரருக்கே தெரியலியாம், ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"அந்தாளு கண்ணாடியப் போட்டுக்கினு காயிதத்தப் பாக்கறாரு. கையப் பாத்தா தெரிஞ்சிருக்கும்."

பெரும்பாலும் அவள் சொன்னதே சரியாக இருக்கும். நான் அதை மரபாக எழுதிக்கொண்டேன்: குற்றவாளி முதலிலேயே கண்ணில் பட வேண்டும், பார்ப்பவருக்கு அவனைப் பிடித்துப்போக வேண்டும். தடயமும் முதலிலேயே கண்ணில் பட வேண்டும். ஆனால் வேறொரு பொருளாகத் தெரிய வேண்டும்.

என் முதல் திரைக்கதையில் சூப்பர்வைசரைச் சூளைக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். நான்கு பக்கங்கள். அவ்வளவு மகிழ்ச்சியோடு நான் வேறெதையும் எழுதியதில்லை. ஆனால் படித்ததையும் பார்த்ததையும் அடுக்கி வைத்து யோசித்தபோது ஒன்று புரிந்தது: இந்த வகைக் கதைகளில் செத்தவருக்கே பரிவு போய்ச் சேர்கிறது. அவருக்காகத்தான் விசாரணை நடக்கிறது, அவர் போட்டோவுக்குத்தான் மாலை விழுகிறது. அந்தப் பரிவை அவருக்குத் தர எனக்கு மனமில்லை. அந்த நான்கு பக்கங்களையும் கிழித்தேன். அவர் உயிரோடு இருக்க வேண்டும், முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

புதிய கதையில், சூளையைத் திறந்ததாக ஒரு பெண்மேல் பழி விழுகிறது. அவள் திறக்கவில்லை என்று நிரூபணம் ஆகிறது. எப்படி நிரூபணம் ஆகிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. சித்தி திறக்கவில்லை என்பதற்கு என்னிடம் இருந்தது அவள் சொல் மட்டும். ஊர் அதை ஏழு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு முடித்திருந்தது. காரணம் என்ற கட்டத்தையும் நான் நிரப்பவில்லை. "வில்லன் ஏன் செஞ்சான்னு தெரியணும்மா. காரணம் இல்லன்னா ஆடியன்ஸ் ஒத்துக்க மாட்டாங்க" என்று பேராசிரியை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். நான் இரண்டு முறையும் வெறுமையாகவே கொடுத்தேன்.

அந்தச் சூப்பர்வைசர் அதற்குள் சொந்தமாக ஒரு சிறு கம்பெனி வைத்திருந்தார். வேறு சூளைகள் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. என் வகுப்புத் தோழியோடு அவரிடம் போனேன். கேமரா அவள் பொறுப்பு. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பவள். அவளிடம்கூட நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார். "காலேஜு புள்ளைங்க, என்ன வேணுமோ எடுத்துக்குங்க. சூளை இன்னிக்கி ஆறிக்கினு இருக்குது, கதவ மட்டும் தொடாதீங்க" என்று சிரித்தார். தலை நரைத்திருந்தது. வேலை செய்யும் பெண்களை 'வாங்க, போங்க' என்று கூப்பிட்டார். வில்லனைப் பிடித்துப்போக வேண்டும் என்று எழுதியது நான்தான். ஆனால் அதை எதிரே உட்கார்ந்து பார்ப்பது, டீயை விழுங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

படத்தில் காட்டுவதற்காக எங்கள் வீட்டு யானையை எடுத்துப் போயிருந்தேன். சூளைக்கு முன்னால் ஒரு பலகையில் அதை வைத்து, விரிசல் தெரியும்படி திருப்பினேன். தோழி ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எங்கள் பின்னால் வந்து நின்றார்.

"கதை என்ன பாப்பா?"

"ஒருத்தங்க சூளையத் தொறந்துட்டதால பொம்மையெல்லாம் வெடிச்சிடுது சார்."

அவர் யானையைக் கையில் எடுத்தார். கட்டைவிரலை விரிசலின் விளிம்பில் ஒருமுறை ஓட்டினார்.

"அப்படின்னா இது சரிப்படாது. வேற பொம்மை வையி."

"ஏன் சார்?"

"காத்துப் பட்டு வெடிச்சா ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், வெரல அறுக்கும். இதத் தொட்டுப் பாரு, வழவழன்னு இருக்குது. விரிசல் வுட்டதுக்கு அப்பறம்தான் கிளேஸு உருகி ஓரத்துல வழிஞ்சிருக்குது. அப்படின்னா நெருப்பு ஏறறப்பவே போயிடுச்சி. கதவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நெருப்பு ஏறறப்ப ஏன் போவும்?"

"ஈரத்தோட அடுக்கியிருப்பாங்க. மழை நாளு, சரக்கு காஞ்சிருக்காது. ஆர்டர் அவசரம்னு எவனோ அடுக்கச் சொல்லி நெருப்ப வெரட்டியிருப்பான். வேலை தெரியாதவன்."

ஏழு ஆண்டுகளாக நான் தினமும் காலையில் அந்த யானையின் முதுகிலிருந்து சீப்பை எடுத்திருக்கிறேன். ஒரு நாளும் அதைத் திருப்பி, விளிம்பில் விரல் வைத்துப் பார்த்ததில்லை.

என் குரல் நடுங்காமல் இருந்தது. அதற்காக இன்றும் எனக்குப் பெருமை உண்டு. "சார், இத நீங்களே படத்துல சொன்னா நல்லாயிருக்கும். தொழில் தெரிஞ்சவர் சொல்ற மாதிரி" என்றேன். அவர் மேசையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். முதல் தடவை நன்றாகவே சொன்னார். வெளிச்சம் போதவில்லை என்று இரண்டாவது முறை கேட்டேன். 'வேலை தெரியாதவன்' என்பதை இன்னும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லும்படி மூன்றாவது முறை கேட்டேன். மூன்றாவதுதான் மிகச் சிறப்பாக வந்தது.

வீட்டுக்கு வந்து யானையைச் சித்தியின் முன்னால் வைத்தேன்.

"இது கதவத் தொறந்து வெடிச்சது இல்லன்னு ஒனக்குத் தெரியுமா?"

"வெரல வச்சா தெரியாதா? அடுக்கறப்பவே சொன்னேன், அடி ஈரமா இருக்குது, ரெண்டு நாளு போவட்டும்னு. வெள்ளிக்கெழம லாரி வருது, நீ அடுக்குன்னாரு."

"அன்னிக்கி கேட்டு வாசல்ல சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்டி. நீ அழுதுக்கினு இருந்த, ஒனக்குக் கேக்கல. யாராச்சும் ஒருத்தங்க கையில எடுத்துப் பாத்தாப் போதும்னுதான் நின்னேன். ஒருத்தரும் குனியல." யானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அதான் ஒண்ண எடுத்தாந்தேன். என்னிக்காச்சும் யாராச்சும் கேப்பாங்கன்னு."

யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. என் கோபத்துக்கு அந்த வீட்டில் இடம் இருந்த அளவுக்கு என் கவனத்துக்கு இருக்கவில்லை என்பதை அன்று ஒப்புக்கொண்டேன். ஆனால் கோபம் அதனால் குறையவில்லை. அதற்கு இப்போது ஆதாரம் கிடைத்துவிட்டது.

படத்தை ஒரு சனிக்கிழமை மதியம் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் திரையிட்டார்கள். இடம் தந்து உதவியவர் என்று பேராசிரியை அவருக்குச் சால்வை போர்த்தினார். அவர் முதல் வரிசையில் அமர்ந்தார். பேட்டையில் அரை நாள் வேலை என்பதால் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர்களை வீடு வீடாகப் போய் அழைத்தவள் நான். சித்தி மூன்றாவது வரிசையில், கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படத்தின் முதல் காட்சி, ஒரு கை யானையின் முதுகிலிருந்து சீப்பை எடுப்பது. பிறகு சூளை, மேடைமேல் வரிசையாக டிபன் பாக்ஸ்கள், விரிசல் விட்ட யானைகள். கேட்டுக்கு வெளியே ஒரு பெண்ணின் கால்கள் மட்டும் தெரிகின்றன. அவற்றின் முன்னால் யானைகள் வந்து விழுகின்றன. ஓர் ஆண்குரல் சொல்கிறது: "கொழம்பு சூடு பண்ண சூளையத் தொறந்தவ இவதான். நல்லா பாத்துக்குங்க." குரல் வகுப்பு மாணவன் ஒருவனுடையது. சொற்களில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை. முதல் வரிசையில் சால்வை அசைந்தது. அடுத்த காட்சியில் அவரே திரையில் வந்து, யானையைக் கையில் எடுத்து, விளிம்பில் விரலை ஓட்டி, கதவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நிதானமாக விளக்கினார். வேலை தெரியாதவன் என்று முடித்தார்.

கூடத்தில் இருந்த பெண்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராகத் திரும்பினார்கள். அவரை அல்ல, சித்தியைப் பார்த்தார்கள். கேட்டு வாசலில் அன்று சிரித்த ஓர் அக்கா எழுந்து வந்து சித்திக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெளியே டீ கொடுத்தார்கள். சூப்பர்வைசர் டீயோடு சித்தியின் முன்னால் வந்து நின்றார். சித்தி பையிலிருந்து யானையை எடுத்து நீட்டினாள்.

"நல்லாப் பாருங்க சார். அன்னிக்கி நீங்க பாக்கல."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுத்தான் அதை வாங்க முடிந்தது. சுற்றி நின்றவர்கள் பார்க்க, விரிசலில் விரலை ஓட்டினார். "நீ தொறக்கலம்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. அன்னிக்கி பேட்டைக்கே கேட்டுச்சே."

அவர் மறுபடி சொன்னார். சித்தி யானையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "டீ ஆறிடப் போவுது, குடிங்க" என்றாள்.

இப்போது விரிசல் விட்ட பக்கம் அறையைப் பார்த்திருக்கிறது. சித்தி பேட்டைக்குத் திரும்பிப் போகவில்லை; இரண்டு கம்பெனிகளிலிருந்து கூப்பிட்டார்கள், இரண்டுக்கும் மறுத்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து அவர் கல்லூரி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். அன்றைக்கு எதனால் அப்படி நடந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும், ஒரு பத்து நிமிஷம் கேட்டால் போதும் என்றார். அவர் முகத்தில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. முதலாளியோ, கடனோ, வீட்டு நிலவரமோ, ஏதோ ஒன்று இருந்திருக்கும். நான் பொறுமையாகப் படிக்கிறவள். எந்தக் கதையிலும் யார் பக்க நியாயத்தையும் தாண்டிச் செல்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அன்று, "எனக்கு பஸ்ஸு வந்துடுச்சி சார்" என்றேன். உண்மையில் அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. நிறுத்தத்தில் போய் உட்கார்ந்து அந்த அரை மணி நேரத்தையும் கழித்தேன். அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

குறிப்பேட்டைப் பேராசிரியை மதிப்பெண்ணோடு திருப்பித் தந்தார். காரணம் என்ற கட்டத்துக்கு மட்டும் ஐந்து மதிப்பெண் குறைத்து, சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தக் கட்டம் இன்றுவரை வெறுமையாகத்தான் இருக்கிறது.