நெய் வாசம் அடிச்ச கறுப்பு பீரு

எம்மவ பெங்களூர்ல பீரு காய்ச்சறா. மொதல்லயே சொல்லிப்புடறேன், அப்பறம் நடுவுல நிறுத்தி யாரும் கேக்கக் கூடாது பாருங்க. விக்கறவ இல்ல, காய்ச்சறவ. அங்க ஓட்டலுக்குள்ளயே டேங்க் வெச்சு காய்ச்சி, அங்கயே கிளாஸ்ல ஊத்திக் குடுக்கறாங்க. கம்ப்யூட்டர் வேலைக்குப் படிச்ச புள்ள, அத வுட்டுட்டு இதுக்குப் போயிட்டா. எங்க சனத்துல குடிக்கற ஆம்பளைங்க எத்தனையோ பேரு. காய்ச்சற பொம்பள இவ ஒருத்திதான். அதுக்கு எங்க வூட்டுக்காரி அவகூடயும் பேசல, எங்கூடயும் பேசல. நான் என்ன பண்ணுனேன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்பறம் அவளாவே பேசிட்டா.

போன வருசம் மாங்கா சீசன் முடிஞ்சு தோப்பெல்லாம் வெறிச்சுன்னு கெடந்த சமயம், மவ போன் பண்ணுனா. குரலே ஒரு மாதிரி இருந்துச்சு.

"அப்பா, மாமாவ கூட்டிக்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. நான் காய்ச்சுன பீரு ஒண்ணு இருக்குது. குடிச்சுப் பாத்து சொல்லணும்."

மாமாங்கறது எங்க வூட்டுக்காரிக்குத் தம்பி. எனக்கு மாப்ள. அவன் குடிக்காத கடை இந்த ஜில்லாவுல கெடயாது. சேதியச் சொன்னதும் மீசையத் தடவிக்கிட்டான்.

"பாத்தீங்களா மாமா, அனுபவசாலியத் தேடி வராங்க. உங்களை எதுக்குக் கூப்புடறா?"

என்னை எதுக்குன்னா, என் நாக்குக்கு. அது ஒரு கெட்ட நாக்குங்க. ருசி தெரியும்ன்னு சொல்ல வரல. மனசுல பட்டத மறைக்கத் தெரியாது, அவ்ளோதான். கல்யாணம் ஆன புதுசுல, கடத்தூருக்கு அந்தாண்ட மாமனார் வூட்ல விருந்து. பந்தியில அத்தன பேரும் உக்காந்திருக்கறாங்க, மாமியா ரசம் ஊத்தறாங்க. "எப்புடிங்க இருக்குது"ன்னாங்க. "தண்ணி சுட வெச்சாப்ல இருக்குதுங்க"ன்னுட்டேன். அதுல இருந்து அந்த வூட்ல எனக்கு ரசம் ஊத்தறதே இல்ல, மோருதான். இதெல்லாம் கேட்டு வளந்தவ எம்மவ. அப்பன் பொய் சொல்ல மாட்டான்னு அவளுக்குத் தெரியும்.

மொரப்பூர்ல ரயில் ஏறுனோம். மாப்ள சன்னலோரம் உக்காந்துக்கிட்டு வேர்க்கடல தின்னுக்கிட்டே வந்தான். பெங்களூர் போயி சேந்தப்ப வெயிலு ஏறியிருந்துச்சு. கடை இன்னும் தெறக்கல. மவ வாசல்ல நின்னா. எளச்சுப் போயிருந்தா.

உள்ள நம்ம பால் சொசைட்டியில இருக்கற மாதிரி டேங்க், ஆனா ஆளு ஒசரத்துக்கு மேல, மூஞ்சி பாக்கலாம் அப்புடி பளபளன்னு. செவுத்துல ஒரு ஆட்டுக்கெடா படம் மாட்டியிருந்தாங்க. மாப்ள அதையே பாத்தான்.

"ஏம்மா, கெடா வெட்டு இருக்குதா?"

"இல்ல மாமா. நான் காய்ச்சுனது ஜெர்மன்காரங்க பீரு, 'பாக்'ன்னு பேரு. அவங்க பாஷையில 'பாக்'ன்னா கெடா, அதான் இதுக்கு கெடா படம் போடுவாங்க."

"படத்தக் காட்டி வயித்த ரொப்பறாங்களா?"

அவ சிரிக்கல. எங்கள உக்கார வெச்சு, மெதுவாத்தான் விசயத்தச் சொன்னா. கொஞ்ச நாளு முன்ன சொரம் வந்து படுத்திருந்திருக்கறா, எங்ககிட்ட சொல்லல. சொரம் போயிருச்சு, கூடவே வாசம் புடிக்கறதும் போயிருச்சு. காப்பி குடிச்சா வெந்நி மாதிரி இருக்குதாம். பீரு காய்ச்சறவளுக்கு மூக்கு இல்லன்னா என்ன பண்றது? மொதலாளிகிட்டயும் சொல்லல. அவ பேரு போட்டு வர மொத பீரு இது. வர ஞாயித்துக்கெழம டேங்க தெறக்கறதா ஊரெல்லாம் சொல்லி வெச்சுட்டாங்க. நல்லா வந்திருக்குதா கெட்டுப் போச்சான்னு அவளுக்கே தெரியல.

"எது நல்லா இருக்கும், எது நல்லா இருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன்ப்பா. சொன்னா நீங்க அதையே தேடுவீங்க. உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க."

ரெண்டு கிளாஸ்ல புடிச்சாந்தா. மாப்ள எடுத்தான், அண்ணாந்தான், மடக்குன்னு உள்ள வுட்டான்.

"ஐயோ மாமா! மோந்து பாக்க வேண்டாமா?"

"மோந்து பாத்தா ஏறுமா?"

நான் கிளாச சன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சேன். பாத்தா கறுப்பு, வெளிச்சத்துல செவப்பு. வெல்லப்பாகு கொப்பரையில தளதளன்னு கொதிச்சு, இன்னும் வுட்டா கருகிரும்ங்கற நேரத்துல ஒரு நெறம் வரும் பாருங்க, அது. மேல நொர வெள்ளையா இல்லாம சுண்டக் காய்ச்சுன பாலாட நெறத்துல இருந்துச்சு. மோந்தேன். களி கிண்டறப்ப பான அடியில புடிக்கற காந்தல் வாசம். நான் சின்ன வயசுல அந்தக் காந்தலுக்கு அண்ணந்தம்பிகளோட அடிச்சுக்குவேன். அது பின்னால இன்னொரு வாசம். வாயில ஊத்துனேன். இனிப்பு, ஆனா திகட்டற இனிப்பு இல்ல. தொண்டையில எறங்கறப்ப ஒரு சூடு. அந்த இன்னொரு வாசம் நாக்குல நின்னுச்சு, வழவழன்னு.

எனக்கு சந்தோசம் தாங்கல.

"கண்ணு, பிரமாதம்! வெண்ண உருக்கறப்ப முருங்க எல போட்டு எறக்குவாங்க பாரு, அந்த நெய் வாசம் அடிக்குது! பீருல இப்புடி ஒரு வாசம் வரும்ன்னு எனக்குத் தெரியாது."

மாப்ளையும் ரெண்டாவதா ஒரு கிளாஸ் வாங்கி மோந்துட்டு, "ஆமாம்மா, சுத்தமான நெய்யி. இதுல ஒரு வட போட்டு எடுக்கலாம்"ன்னான்.

மவ மூஞ்சி செத்துப் போச்சு. பக்கத்துல கெடந்த கிரேட்டக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டா.

"நெய்யா? நல்லா யோசிச்சு சொல்லுங்கப்பா. நாக்குல வழுக்குதா?"

"வழுக்குது கண்ணு. அதான நல்லாருக்குது?"

"இந்த பீர்ல நெய் வாசம் வரக்கூடாதுப்பா."

எனக்கு ஒண்ணும் புரியல. நம்ம ஊர்ல ஒரு பண்டத்த நெய் மணக்குதுன்னு சொன்னா அதுக்கு மேல பாராட்டே கெடயாது. இவ என்னடான்னா கண்ணு கலங்கறா. அப்பறம் சொன்னா. புளிக்க வெக்கறதுக்கு ஈஸ்ட் போடறாங்கல்ல, அது பாதி வேலையில இந்த வாசத்த உண்டாக்குமாம். வேலைய முடிக்க வுட்டா அதுவே அத தின்னு தீத்துருமாம். இவங்க ஞாயித்துக்கெழமைக்கு ஆவணும்ன்னு அவசரப்பட்டு குளுர ஏத்திட்டாங்க. ஈஸ்ட்டு பாதியில தூங்கிப் போச்சு. மூக்கு இருந்திருந்தா அன்னிக்கே கண்டுபுடிச்சிருப்பா.

நானும் மாப்ளையும் வாயத் தெறந்து புகழ்ந்ததெல்லாம் பீரோட கோளாறு! ஆனா பாருங்க, நாங்க சொன்ன ரெண்டு வார்த்தைய வெச்சுக்கிட்டு, தன் மூக்குல ஏறாத வாசத்த, டேங்குக்குள்ள எங்க எது நின்னு போச்சுங்கற வரைக்கும் சொல்லிட்டா. அவ பேசப் பேச என் நெஞ்சு நிமுந்துக்கிச்சு. அந்த நேரத்துல அதக் காட்டக்கூடாதுன்னு தரையப் பாத்துக்கிட்டேன்.

மொதலாளி வந்தாரு. கன்னடக்காரரு, நல்ல மனுசன். மவ எந்திரிச்சு நின்னு, மூக்குப் போனதையும் சொன்னா, நெய் விசயத்தையும் சொன்னா. தெறக்கறத தள்ளிப் போடணும்ன்னா. அவரு ஒரு கிளாஸ் புடிச்சு குடிச்சாரு, உதட்டத் தொடச்சாரு.

"நல்லாத்தானம்மா இருக்கு. ஜனங்களுக்கு இது என்ன தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சே சார். எம் பேருல இது போவ வேண்டாம்."

அவரு எம் பக்கம் திரும்புனாரு. "ஹேகிதெ அஜ்ஜா? சென்னாகிதெயா?" எப்புடி இருக்குது தாத்தா, நல்லாருக்குதான்னு கேக்கறாரு. நம்ம பக்கம் பாதி ஊர்ல கன்னடம் பேசறவங்கதான, எனக்குப் புரியும்.

மவ என்னையே பாக்கறா. நல்லால்லைன்னா பொய்யாப் போவும், எனக்கு அது நெசமாவே ருசிச்சுது. நல்லாருக்குதுன்னா ஞாயித்துக்கெழம டேங்க தெறந்துருவாரு.

"எனக்குப் புடிச்சுதுங்க"ன்னேன். "ஆனா நான் குடிக்கறவன், அவ காய்ச்சறவ. ரசத்த எறக்கலாமா வேண்டாமான்னு அடுப்புகிட்ட நிக்கறவதான சொல்லணும். அவ இன்னும் எறக்கலீங்க."

அவரு கையில இருந்த கிளாச கீழ வெச்சாரு. அப்பறம் போன எடுத்துக்கிட்டு வெளிய போயி, ஞாயித்துக்கெழம வரச் சொன்னவங்களுக்கு ஒவ்வொருத்தரா பேச ஆரம்பிச்சாரு. மவ ஓடிப் போயி குளுரக் கொறச்சா. மாப்ள எங்காதுல, "மாமா, இத எப்புடியும் கீழ ஊத்திருவாங்களோ? ரெண்டு கேன் வாங்கிட்டு வந்திருக்கலாம்"ன்னான்.

கீழ ஊத்தல. தூங்குன ஈஸ்ட்டு முழிச்சுக்கிச்சு, வேலைய முடிச்சுது. அப்பறம் மறுபடியும் குளுர்ல போட்டு, ஆற அமர வெச்சிருந்துதான் தெறந்தாங்க. அன்னிக்கு வூட்டுக்காரியும் வந்தா. பட்டுப்பொடவ கட்டிக்கிட்டு, கோயிலுக்கு வந்த மாதிரி ஓரமா உக்காந்திருந்தா. எடம் நெறஞ்சு போச்சு. மவளுக்கு மூக்கு கொஞ்சம் கொஞ்சமா திரும்பிக்கிட்டு இருந்துச்சு, இருந்தாலும் மொத கிளாச எங்கிட்டதான் கொண்டாந்தா.

மோந்தேன். காந்தல் இருக்குது, வெல்லம் இருக்குது, அந்தச் சூடும் இருக்குது. வழவழப்பு இல்ல. சுத்தமா, துணி அலசிப் போட்டாப்ல இருந்துச்சு.

"நெய் போச்சு கண்ணு"ன்னேன். "துளிகூட இல்ல."

பக்கத்து மேசையில இருந்தவரு, பெத்த புள்ளகிட்ட இந்தாளு என்ன கொறை சொல்றாருன்னு திரும்பிப் பாத்தாரு. மவளுக்கு மூஞ்சியெல்லாம் பல்லு. அங்கயே, அத்தன பேரு முன்னால, எங்கையப் புடிச்சு ஒரு குலுக்கு குலுக்குனா. வூட்டுக்காரி, "என்னங்க, என்னங்க சொன்னீங்க?"ன்னு என்னப் போட்டு இடிக்கறா.

அந்தப் பக்கத்து மேசைக்காரரு மவ கொண்டாந்து வெச்சத ஒரு வாய் குடிச்சாரு. நிறுத்துனாரு. கிளாசத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாரு. இன்னொரு வாய் குடிச்சுட்டு, "இத யாரு காய்ச்சுனது?"ன்னு கேட்டாரு.

அவ வாயத் தெறக்கறதுக்குள்ள நான் எந்திரிச்சுட்டேன்.