துப்பாக்கி லைசென்ஸுக்கு நான் சொன்ன சாட்சி

நான் ஒரு பொய் சொன்னேன். சில வருடங்களுக்கு முன், ஆக்லாந்தின் தெற்குப் பக்கம் தகனினியில் என் மகள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, துப்பாக்கி லைசென்ஸ் விசாரணைக்கு வந்த ஒரு பெண் அதிகாரியிடம் சொன்னேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அவருக்கு டீயும் முறுக்கும் கொடுத்து, சிரித்த முகத்தோடு, நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பையன் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் இருக்கிறான். என் நண்பர் சிறையில் இருக்கிறார். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியின் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி காலமான பிறகு மகளோடு இருக்க இங்கே வந்தேன். மகளும் மருமகனும் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பேத்தியோடு நான் தமிழில் பேசினால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். பேச்சுத் துணைக்கு ஏங்கிப் போயிருந்த நாட்களில்தான் பாபகூராவில் அந்த டெய்ரியைக் கண்டுபிடித்தேன். பால், ரொட்டி, சிகரெட் விற்கிற தெருமுனைக் கடைக்கு இங்கே டெய்ரி என்று பெயர். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அவரும் மனைவியும் மாறி மாறிக் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். பஸ் பிடித்துப் போய், கடைக்குள் ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால் எனக்குப் பொழுது போய்விடும். அவர் என்னை, சார் என்பதை அவர்கள் சொல்கிறபடி, சேர் என்பார், நான் அவரைத் தம்பி என்பேன்.

அந்தக் கடையில் அடிக்கடி திருட்டு நடந்தது. ஒரு தடவை காரைப் பின்பக்கமாக விட்டுக் கதவை உடைத்தார்கள். இன்னொரு தடவை பட்டப்பகலில் முகத்தை மூடிக்கொண்டு சுத்தியலோடு வந்து, அவர் மனைவியின் கண் முன்னாலேயே சிகரெட் அலமாரியை நொறுக்கினார்கள். போலீஸ் வந்து விசாரித்தது, எழுதிக்கொண்டு போனது. பிடிபட்டவர்களை வயதைப் பார்த்துக் கண்டித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவர்களில் ஒருவன் அதே கடைக்கு ஐஸ்கிரீம் வாங்க வந்து சிரித்துவிட்டுப் போனானாம்.

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனான் சேர். இஞ்ச வந்து சுத்தியலுக்குப் பயந்து சாகிறன்" என்றார் அவர். துவக்கு என்றால் அவர்கள் பேச்சில் துப்பாக்கி.

நான் அவரை அமைதிப்படுத்தியிருக்கலாம். அதற்கு மாறாக எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினேன். "இந்த ஊர்ச் சட்டப்படி கல்லாவைத் திறந்து குடுத்துட்டு, ஹேவ் எ நைஸ் டேன்னு வழியனுப்பி வைக்கணும் போல தம்பி" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் அதைப் பற்றிப் பேசினேன். அமெரிக்காவில் கடைக்காரன் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், இங்கே தற்காப்புக்கு என்று சொன்னாலே லைசென்ஸ் கிடையாது, சட்டம் திருடன் பக்கம் நிற்கிறது என்று வகுப்பெடுப்பது போல் பேசுவேன். அவர் மனைவி அலமாரியில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டே, "இவருக்குத் துவக்கு ஒண்டு கிடைச்சால், தேத்தண்ணி பிந்தினதுக்கு என்னைத்தான் முதல் சுடுவார் சேர். நீங்கள் இன்னும் கதைச்சு ஏத்திவிடுங்கோ" என்பார். மூவரும் சிரிப்போம்.

அவர் விளையாட்டாகப் பேசவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. இங்கே கைத்துப்பாக்கி வைத்திருக்க வேண்டுமென்றால் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர வேண்டும். பல மாதம் ஒழுங்காகப் போய்ப் பழக வேண்டும். அதன் பிறகும் துப்பாக்கி வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளப்புக்கு, கிளப்பிலிருந்து வீட்டுக்கு, அவ்வளவுதான். இத்தனைக்கும் சம்மதித்து அவர் கிளப்பில் சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

சுட்டு முடித்ததும் எல்லோரும் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். நண்பர் தன் கடைத் திருட்டுகளைப் பற்றிச் சொன்னார். லாரி ஓட்டும் ஓர் உறுப்பினர், தன் வீட்டையும் கடையையும் காத்துக்கொள்ள மனிதனுக்கு உரிமை இருக்க வேண்டும், நான் அரசாங்கமாக இருந்தால் நாளைக்கே சட்டத்தை மாற்றுவேன் என்றார். எதிரே இருந்த வயதான வெள்ளைக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். தான் வாலிப வயதிலிருந்து சுடுவதாகவும், மனிதனை நினைத்துக்கொண்டு துப்பாக்கியைத் தொடுகிறவன் பக்கத்தில் நின்று சுடத் தனக்குப் பயமாக இருக்கும் என்றும் சொன்னார். நண்பரைப் பார்த்து, உனக்கு அப்படி எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடு, யாரும் தப்பாக நினைக்க மாட்டோம், ஆனால் இங்கே நீ சுட முடியாது என்றார். நண்பர் தலையை ஆட்டிவிட்டு, இது தனக்கு வெறும் விளையாட்டு என்றார்.

திரும்பும்போது காரில் நான்தான் சொன்னேன். "இனிமே கடைங்கற வார்த்தையே உங்க வாயில வரக்கூடாது தம்பி. யார் கேட்டாலும் விளையாட்டு, போட்டி, ஒலிம்பிக்னு பேசுங்க."

"ஒலிம்பிக்கோ?" அவர் தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார். "இதைப் பாத்தால் நம்புவாங்களோ சேர்?"

கடைசியில் அனுமதிக்காக விண்ணப்பித்தார். விண்ணப்பிக்கிறவரை நன்றாகத் தெரிந்த ஒருவரை அதிகாரிகள் நேரில் வந்து விசாரிப்பார்கள். "எனக்காக ஒருக்கா நீங்கள் கதைக்கவேணும் சேர். எனக்கு இஞ்ச வேற ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. முதல்வராக இருந்த காலத்தில் எத்தனையோ பேருக்கு நன்னடத்தைச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முகம் தெரியாத பையனுக்கும் 'நடத்தை நன்று' என்றுதான் போடுவோம். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்வது நம் ஊரில் கெட்ட குணம். இதையும் அப்படி ஒரு கையெழுத்தாகவே நினைத்தேன்.

வந்த அதிகாரி அவசரப்படவில்லை. பொறுமையாகக் கேட்டார். உங்கள் நண்பருக்குக் கோபம் வருமா? கடையைப் பாதுகாக்கத் துப்பாக்கி வேண்டும் என்று எப்போதாவது பேசியிருக்கிறாரா? உங்கள் மனத்தில் ஏதாவது உறுத்தல் இருக்கிறதா?

மூன்றுக்கும் எனக்கு விடை தெரியும். ஓரிரு மாதங்களுக்கு முன்னால்தான், சாக்லெட் எடுத்து ஒளித்த ஒரு பள்ளிக்கூடப் பையனின் சட்டைக் காலரைக் கடையில் நண்பர் முறுக்கிப் பிடித்தார். பையனின் முகம் சிவந்து கண் பிதுங்கியும் அவர் விடவில்லை. நான் எழுந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். பிறகு, "என்ன செய்தனான் எண்டே எனக்குத் தெரியேல்லை சேர்" என்றார்.

அதிகாரியிடம் நான் சொன்னது, "இவ்வளவு பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை. கடைக்குத் துப்பாக்கி என்ற பேச்சே எழுந்ததில்லை." அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சமையலறையில் இருந்த என் மகள் வெளியே வந்தாள். "ஏம்ப்பா, கடைக்குத்தான் வேணும்னு அவர் சொல்லிட்டிருந்ததா நீங்கதானே சொன்னீங்க?"

"ஒருத்தருக்கு நல்லது பண்றப்ப குறுக்க பேசாதம்மா."

"நல்லதுன்னு நீங்க சொல்றீங்க" என்று முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அனுமதி கிடைத்தது. நண்பர் எனக்கு ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பிறகு நாங்கள் துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. அது வீட்டில்தான் பூட்டி இருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். அதைக் கேட்காமல் இருந்ததும் ஒரு பொய்தான்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு மழை நாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். நான் கடைக்குள் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தேன். தொப்பியை இழுத்து மூடிய இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் சுத்தியல். அவன் கவுண்டரை ஓங்கி ஒரு அடி அடித்தான், மற்றவன் சிகரெட்டைப் பையில் வாரினான். நண்பர் கையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். எல்லாம் முடிந்து, அவர்கள் வெளியே ஓடினார்கள்.

நான் இதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஓடினார்கள். முதுகு எங்கள் பக்கம் இருந்தது. நண்பர் கவுண்டருக்குக் கீழே குனிந்து, துப்பாக்கியோடு நிமிர்ந்து, சுட்டார்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நடைபாதையில் விழுந்தான். மற்றவன் போய்விட்டான். விழுந்தவனின் தொப்பி விலகியிருந்தது. பதினாறு, பதினேழு வயது இருக்கும். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஆங்கிலத்தில், காலைக் காணவில்லை, என் கால் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நண்பர் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிப் போய், தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவன் முதுகில் வைத்து அழுத்திக்கொண்டு மழையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "கண்ணை மூடாத அப்பன், கண்ணை மூடாத" என்று தமிழில் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸும் போலீஸும் வந்து பிரித்து எடுக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

பையன் பிழைத்தான். இனி நடக்க மாட்டான் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

வழக்கில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியமாக இருந்தது. பயத்தில், நிதானம் தப்பிச் சுட்டாரா, அல்லது இதற்கென்றே துப்பாக்கியைக் கடையில் வைத்துக் காத்திருந்தாரா? அன்று காலை கிளப்புக்குப் போக எடுத்து வந்ததாகவும், மனைவிக்கு உடம்பு சரியில்லாததால் நேராகக் கடைக்கு வந்துவிட்டதாகவும் நண்பர் சொன்னார். மனைவியும் அதையே சொன்னார். அதை மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை. சிறிய குற்றச்சாட்டோடு முடித்துவிடலாம் என்று நண்பரின் வக்கீல் நம்பிக்கையாக இருந்தார். கடையில் நடந்ததைப் பற்றி மட்டும் நான் போலீசிடம் சொல்லியிருந்தேன். பழைய கதையை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஆனால் என்னால் சாப்பிட முடியவில்லை. அந்தப் பையன் கால் எங்கே என்று கேட்டது காதிலேயே இருந்தது. அவனைச் சுட்ட கைக்குத் துப்பாக்கியை வாங்கிக் கொடுத்தவன் நான். அதை ஒப்புக்கொண்டால் பழியில் பாதி என் மேல் வரும், நண்பரின் சுமை குறையும் என்று கணக்குப் போட்டேன். இவ்வளவு படித்தவனுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று தெரியவில்லை. மகளிடம்கூடச் சொல்லாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். விசாரணையில் பொய் சொன்னதை, கடைக்காகத்தான் துப்பாக்கி என்று முதலிலிருந்தே தெரியும் என்பதை, அதை மறைக்க நானே பாடம் சொல்லிக் கொடுத்ததை, சாக்லெட் எடுத்த பையனை அவர் பிடித்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். என்னைக் கைது செய்யுங்கள் என்றேன்.

கைது செய்யவில்லை. என் வயதைப் பார்த்து, கடுமையாக எச்சரித்து, தண்ணீர் கொடுத்து, மகளை வரவழைத்து அனுப்பிவைத்தார்கள். ஆனால் நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் வக்கீல் போன் செய்தார். குரலை உயர்த்தவே இல்லை. போவதற்கு முன்னால் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மட்டும் சொன்னார். பயத்தில் நடந்தது என்ற வாதம் அன்றோடு போய்விட்டது. நண்பர் பெரிய குற்றச்சாட்டையே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. தீர்ப்பு சொன்னபோது, இது முன்கூட்டியே திட்டமிட்ட ஏமாற்று என்று நீதிபதி சொன்னது என் வாக்குமூலத்தை வைத்துத்தான்.

கோர்ட்டுக்கு வெளியே அவர் மனைவியிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "அண்டைக்குப் பொய் சொல்லி அவருக்குத் துவக்கு எடுத்துக் குடுத்தியள். அது நாங்கள் கேட்டது, சரி. இண்டைக்கு உண்மையைச் சொல்லி அவரை உள்ளுக்குத் தள்ளிவிட்டியள். இதை ஆர் கேட்டது சேர்?"

அவர் அழவில்லை. குடையை விரித்துக்கொண்டு ரயில் நிலையம் பக்கம் நடந்தார்.

கடையை விற்றுவிட்டார். ஊரை விட்டும் போய்விட்டார், எங்கே என்று தெரியாது. அந்தப் பையனின் தாயைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போலீஸ் மூலம் சொல்லி அனுப்பினேன். விருப்பமில்லை என்று பதில் வந்தது. சிறையில் நண்பரைப் பார்க்க அனுமதி கேட்டேன். கைதியின் சம்மதம் வேண்டும். அவர் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு பண்டிகைக்கு முன்னாலும் கேட்டுப் பார்க்கிறேன், இதுவரை அதே பதில்தான்.

உண்மை சொன்னது தப்பு என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நாளில் முறுக்குத் தட்டை நீட்டிச் சிரித்துவிட்டு, என் மனம் கொஞ்சம் லேசாக வேண்டும் என்பதற்காகப் பிறகு போய்ச் சொன்ன அந்த உண்மைக்கு, இன்றைக்கும் வேறு ஒரு மனிதர் தன் ஆயுளைச் சிறையில் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதோடுதான் நான் தினமும் கண் விழிக்கிறேன்.